தண்ணி ஏறுற நேரம்

நாலே முக்காலுக்கு எண்ணூர்ப் பாலத்தடியில் கூடினோம்.
பீட்டர் பவுல் நார்வேயில் வாங்கிய தூண்டிற்கோலைத்
துப்பாக்கி மாதிரி உறைபோட்டுக் கொண்டுவந்திருந்தான்.
மூன்று வருடம் அங்கே வேலை.
சால்மன் ஆற்றில் எதிரேறி வரும் அழகை
யாரும் கேட்காமலே
நாலுமுறை சொல்லியாகிவிட்டது.

எண்ணூருக்கு ஆளுக்கு எண்ணூறு. இறால் இரை தனிக்கணக்கு.
படகுக்காரர் கஜபதி லைஃப் ஜாக்கெட் தந்தார், நான்கு.
நாங்கள் நான்கு பேர்.
அவருக்கு இல்லை.

"சால்மனா? அது இன்னா மீனு?"
பீட்டர் கைப்பேசியில் படம் காட்டினான்.
குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.
"நம்மகிட்ட காலாதான் சார்.
ஓட்டல்காரன் அதத்தான் சால்மன்னு எழுதி
ரெண்டு பங்கு வாங்குறான்."

கொசஸ்தலை கறுப்பாக இருந்தது,
இருட்டினாலா சாம்பலாலா, தெரியவில்லை.
புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.

மகிழினி அணியத்தில் உட்கார்ந்திருந்தாள்.
பதினோரு வருடத்துக்கு முன்
தரமணி பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே பெஞ்சு.
அன்று வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர்.
அந்தப் பெயர் சாதிக்கின் வாய்வரை இரண்டுமுறை வந்து
பல்லில் இடித்துத் திரும்பிப் போனது.
அவள் ஆற்றில் கையை நனைத்தாள்.
"வெந்நீரா இருக்கே?"
"கரண்டு கம்பெனித் தண்ணிம்மா. இங்க மீன் நிக்காது,"
என்று கஜபதி படகைக் கிழக்கே திருப்பினார்.

முகத்துவாரம் தெரிகிற இடத்தில் நங்கூரம்.
"ஏழேகாலுக்குத் தண்ணி ஏறும். கூடவே காலா ஏறும்.
அதுவரைக்கும் பேசக் கூடாது."

எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது.

சாதிக்குக்கு ஒரு பால் கவர்.
எனக்குக் கெளுத்தி, அதன் முள்ளுக்குப் பயந்து
கஜபதியே கழற்றி எறிந்தார்.
நார்வேக் கோலுக்கு எதுவுமில்லை.
மகிழினியிடம் இருந்தது கஜபதியின் கைக்கயிறு,
விரலில் இரண்டு சுற்று.
சட்டென்று அவள் தோள் முன்னால் போனது.

"உடு! உடு! கயிற உடும்மா!
வலிக்காதே, ஓடிட்டு அதுவே வரும்!"

வந்தது. முழங்கை நீளம், வெள்ளித் தகடு,
நெஞ்சடியில் நாலு நூல்,
கண்ணாடி போல மூக்கு.
"ஆணா பெண்ணா?" என்றான் பீட்டர், அங்கத்திய பழக்கத்தில்.

"இந்த சைசுல ஆம்பள சார்.
வளந்துச்சுன்னா பொம்பள ஆயிடும்.
அப்பறம்தான் சினை புடிக்கும்.
இன்னா அப்டிப் பாக்குறீங்க?
காலா பொறப்பே அப்டித்தான்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
சாதிக் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்தான்,
ஐ.எஸ்.ஐ. எண் வரைக்கும்.

முதலில் சிரித்தது அவள்தான்.
மூக்கில் தண்ணீர் ஏறியவள் போல,
அன்று எங்கள் பெஞ்சு முழுவதையும்
வகுப்புக்கு வெளியே நிறுத்திய அதே சிரிப்பு.
"அதை யாரும் கெஜட்ல போடச் சொல்லலையா?"

"மீனுக்கு எதுக்கும்மா கெஜட்டு?"
என்றார் கஜபதி, தூண்டில்முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.
நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று
அவருக்கு விளங்கவில்லை. படகு ஆடியது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.
"டேய், இத வெச்சுக் கவிதை கிவிதை எழுதின,
இதே ஆத்துல தள்ளிடுவேன்."
எழுதமாட்டேன் என்றேன்.

"விட்டுடலாமே," என்று பீட்டர் இழுத்தான்.
"பாவம், அது இன்னும்..."
"பசிக்குது," என்றாள் அவள்.

கஜபதியின் மனைவி வறுத்துத் தந்தார்.
ஓரத்தில் லேசாக எண்ணெய்க் கப்பல் வாடை,
மிளகாய்த்தூள் அதைப் பாதி மறைத்தது.
"மகி, தலை எனக்கு," என்று தட்டை நீட்டிய பிறகுதான்
சாதிக் தான் என்ன சொன்னோம் என்று நின்றான்.
"தலைய உனக்குத் தந்துட்டு
நான் வாலையா கடிக்கறது?" என்று
அவள் அதைப் பாதியாகப் பிய்த்தாள்.

வெளியே சுவரோரமாகச் சாய்ந்திருந்தது
நார்வேக் கோல்.
கஜபதியின் பையன் அதன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி
அந்தக் கிர்ர்ர் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தான்.